கலாபகோஸ் க்ரூஸுக்கு முதல் தடவை போறீங்களா? ரூட்ட பாத்து கப்பல எடுங்க

கலாபகோஸ் க்ரூஸ்னு தேடுனா முதல்ல கண்ணுல படுறதெல்லாம் ஜக்கூசி, பால்கனி வச்ச ரூம், டெக்ல சாயங்கால வெளிச்சத்துல கிளாஸ தூக்கிட்டு நிக்கிற ஜோடி, இந்த மாதிரி படங்கதான். அதப் பாத்து மயங்கி பணத்த கட்டிட்டு, அங்க போய் இறங்கினதுக்கு அப்புறம் "ஆல்பட்ராஸ் பறவைய எப்போ பாப்போம்"னு கைடுகிட்ட கேட்டு, அது இருக்குற தீவே இந்த ரூட்ல கெடையாதுன்னு தெரிஞ்சுக்குறவங்க நெறைய பேரு. இங்க கப்பல்ங்கிறது ராத்திரி படுக்குறதுக்கும் வேளாவேளைக்கு சாப்பிடுறதுக்கும்தான். எந்த மிருகத்த பாப்பீங்க, எந்த செருப்பு வேணும், எவ்ளோ வாந்தி வரும், தண்ணி எவ்ளோ சில்லுனு இருக்கும், இதெல்லாத்தையும் முடிவு பண்றது நீங்க எடுக்குற ரூட்டும் போற மாசமும். அதனால இந்த வழிகாட்டில அத முதல்ல சொல்லிடுறேன், பெட்டில என்ன வைக்கணுங்கிறது அப்புறம்.

இடத்தப் பத்தி ரெண்டு வரி. ஈக்வடார் கரையிலேர்ந்து மேற்க சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளி பசிபிக் நடுவுல, பூமத்திய ரேகை மேலயே இருக்குற எரிமலைத் தீவுங்க. எந்தக் கண்டத்தோடயும் ஒட்டியே இருந்ததில்ல, அதனால நீந்தியோ பறந்தோ மிதந்தோ வந்து சேர்ந்த உயிர்ங்க மட்டும்தான் அங்க வளந்துச்சு, மனுசனக் கண்டா ஓடணுங்கிற பழக்கமே அதுங்களுக்கு இல்ல. 1959ல தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க, நிலப்பரப்புல 97 சதவீதம் பூங்காதான், 1978ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல முதன்முதலா போட்டப்போ அதுல இதுவும் ஒண்ணு. இந்த 97 சதவீதத்துல லைசென்ஸ் வச்ச கைடு இல்லாம பெரும்பாலான எடத்துல கால் வைக்க முடியாது, அதான் எல்லாரும் கைடோட போற க்ரூஸ எடுக்குறாங்க.

முதல் வேலை: எந்தத் தீவு, எந்த மாசம்

ஒரே கப்பல் ஒரே எடத்துக்கு 14 நாளைக்குள்ள திரும்பப் போகக்கூடாதுன்னு பூங்கா விதி இருக்கு (சில எடத்துக்கு மட்டும் விலக்கு). அதனால கப்பல்காரங்க ரெண்டு வார சுத்த ரெண்டா மூணா வெட்டி விக்கிறாங்க. ஒரே கப்பல், ஒரே ரேட்டு, ஆனா இந்த வாரம் ஏறுனா மேற்குத் தீவுங்க, அடுத்த வாரம் ஏறுனா தெற்கு. விளம்பரத்துல கலாபகோஸ்னு மட்டும்தான் பெருசா போட்டிருக்கும், நாள்வாரியா ரூட் சார்ட் கேளுங்க, குடுக்கலன்னா அந்த ஏஜென்ட்ட விட்டுட்டு அடுத்த ஆளப் பாருங்க.

மேற்குன்னா இசபெலா, ஃபெர்னாண்டினா. ஆழத்துலேர்ந்து குளிர் நீரோட்டம் மேல வர்ற பக்கம் இது, மீன் ஜாஸ்தி, அதனால பென்குயின் இங்கதான் அதிகம், பறக்க மறந்துபோன நீர்க்காகம் உலகத்துலயே இந்த ரெண்டு தீவுலதான் இருக்கு. ஃபெர்னாண்டினால கறுப்பு லாவா மேல கறுப்பு கடல் இகுவானா (பெரிய பல்லி மாதிரி இருக்கும்) நூத்துக்கணக்குல ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக் கெடக்கும், பாறைன்னு நெனச்சு பாத்துட்டு இருக்கும்போதே ஒண்ணு தும்மும், மூக்குலேர்ந்து உப்புத்தண்ணி தெறிக்கும், கடல்ல பாசி மேயும்போது உள்ள போன உப்ப அது அப்படித்தான் வெளிய தள்ளுது, தும்மித் தும்மி தலை மேல வெள்ளையா உப்பு பூத்துப் போயிருக்கும். என்னக் கேட்டா முதல் தடவ போறவங்களுக்கு மேற்கு ரூட்டுதான் பெஸ்ட், ஆனா அங்க போக ராத்திரில கடல் பயணம் நீளம், வயித்துக்கு ஒத்துக்கணும்.

தெற்குன்னா எஸ்பான்யோலா. ஆல்பட்ராஸ்ல அலை அலையா கோடு போட்ட ஒரு இனம் இருக்கு, அது கிட்டத்தட்ட மொத்தமும் இந்த ஒரு தீவுலதான் முட்ட வைக்குது. ஏப்ரல்லேர்ந்து டிசம்பர் வரைக்கும்தான் இருக்கும், ஜனவரில போய் தேடுனா வெறும் பாறைதான். ரெண்டரை மீட்டர் நீளத்துக்கு ரெக்கைய வச்சுகிட்டு நடக்கத் தெரியாம ஆடி ஆடி பாறை விளிம்பு வரைக்கும் போய் அங்கேர்ந்து காத்துல விழுந்துதான் பறக்க ஆரம்பிக்கும். வடக்க ஹெனோவேசா, சிவப்புக் கால் பூபிங்கிற கடல் பறவை மரத்துல கூடு கட்டியிருக்கும், பறவைப் பிரியர்னா அங்க போங்க. நடுவுல இருக்குற பார்டோலோமே, நார்த் சீமோர் எல்லாம் பெரும்பாலான குறுகிய ரூட்ல வந்துடும், நீலக்கால் பூபியும் தொண்டைய சிவப்பு பலூனா ஊதுற ஃப்ரிகேட் பறவையும் சீமோர்லயே பாக்கலாம். ராட்சத ஆமைய காட்டுல சும்மா திரியும்போது பாக்கணும்னா சாந்தா குரூஸ் தீவோட மேட்டுப் பகுதி, அது நெறைய ரூட்ல இருக்கு, ஆனாலும் இருக்கான்னு கேட்டுக்கோங்க. டார்வின், வுல்ஃப்னு தூரத்துல ரெண்டு தீவு இருக்கு, அது ஸ்கூபா டைவர்ங்க மட்டும் போற தனி கப்பலுக்கு, நமக்கு வேணாம்.

மாசத்துக்கு வருவோம். ஜனவரிலேர்ந்து மே வரைக்கும் சூடு, நடுநடுவுல நல்ல மழை, கடல் அமைதி, தண்ணி வெதுவெதுப்பு, ஸ்நார்க்கல் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் வச்சுகிட்டு மிதந்தபடியே தண்ணிக்கு அடியில பாக்குறது) பண்ண சுகம். ஜூன்லேர்ந்து நவம்பர் வரைக்கும் ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்ந்த தண்ணியக் கொண்டு வருது, வானம் மூடியே இருக்கும், காருவான்னு சொல்ற பொடிசா ஒரு தூறல், தண்ணி 20 டிகிரி பக்கம், மேற்குல அதுக்கும் கீழ போகும். ஆனா அந்தக் குளிர் தண்ணிலதான் தீனி ஜாஸ்தி, கடல் பறவைங்க சுறுசுறுப்பா இருக்குறதும் அப்பதான். ஆகஸ்ட் செப்டம்பர்ல கடல் நல்லா ஆடும். பூமத்திய ரேகைல இருக்கு எப்பவும் கொதிக்கும்னு நெனச்சு ஒரு ஸ்வெட்டர்கூட இல்லாம ஆகஸ்ட்ல போய் டெக்ல நடுங்காதீங்க.

நாள் கணக்குல ஏமாறாதீங்க

நாலு நாள் க்ரூஸ்னா நாலு நாளும் தீவு சுத்தலாம்னு அர்த்தம் இல்ல. முதல் நாள் ஃப்ளைட்ல வந்து இறங்கவே மத்தியானம் ஆகிடும், கடைசி நாள் காலைல ஏர்போர்ட்டுக்கு கிளப்பிடுவாங்க. முழுசா கெடைக்கிறது ரெண்டு நாள்தான். எட்டு நாள்னா ஆறு முழு நாள் கெடைக்கும், ஃப்ளைட் செலவும் பூங்கா கட்டணமும் ரெண்டுக்கும் ஒண்ணுதான், அதனால முடிஞ்சா எட்டு நாள் எடுங்க, முடியலன்னா அஞ்சு.

கப்பல் சைஸ்: இங்க 100 பயணிகளுக்கு மேல ஏத்துற கப்பலுக்கு அனுமதி இல்ல, 16 பேர் போற சின்ன படகுங்கதான் நெறைய. ஒரு கைடுக்கு 16 பேர் வரைக்கும்தான்னும் விதி. சின்னதுல ஒரே குரூப்பா டக்குனு இறங்கி டக்குனு ஏறலாம், நாலு நாள்ல எல்லாரும் பேரு சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சிடுவாங்க, ஆனா அலைக்கு ஆடும். பெருசு ஆடாது, டாக்டர் இருப்பாரு, ஆனா கரைக்கு இறங்க முறை வர்ற வரைக்கும் காத்திருக்கணும். வயித்தப் பத்தி பயம் இருந்தா அடிப்பாகம் ரெண்டா இருக்குற கேட்டமரன் படகு கெடைக்குதான்னு பாருங்க, சாதா யாட்ட விட ஆட்டம் கம்மி.

பேப்பர், பணம், ஃப்ளைட்

ஈக்வடார் விசா உங்க பாஸ்போர்ட்ட பொறுத்தது, தூதரகத்துல நேரடியாவே கேளுங்க. அமெரிக்கா வழியா ஃப்ளைட் போட்டா அங்க ப்ளேன் மாறுறதுக்கே விசா வேணும், டிக்கெட் சீப்னு போட்டுட்டு அப்புறம் முழிக்கிறது ரொம்ப சகஜம். இந்தியாவுக்குத் திரும்பி வர்றவங்க இன்னொண்ணு கவனிங்க, இந்தியா வச்சிருக்குற மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியல்ல ஈக்வடார் இருக்கு, தடுப்பூசி சர்டிபிகேட் இல்லாம வந்தா ஏர்போர்ட்லேர்ந்தே தனிமைப்படுத்த கூட்டிட்டுப் போயிடலாம். ஊசி போட்டு 10 நாள் கழிச்சுதான் அது செல்லும், அதனால கெளம்புறதுக்கு முந்தின வாரம் வரைக்கும் தள்ளாதீங்க.

தீவுக்கு ஃப்ளைட் கீட்டோலேர்ந்தும் குவாயாகில்லேர்ந்தும் மட்டும்தான். பால்ட்ரா, சான் கிறிஸ்டோபல்னு ரெண்டு ஏர்போர்ட்டு, உங்க க்ரூஸ் எதுலேர்ந்து கெளம்புதுன்னு பாத்துட்டு டிக்கெட் போடுங்க, சில க்ரூஸ் ஒண்ணுல ஆரம்பிச்சு இன்னொண்ணுல முடியும். முக்கியமா, க்ரூஸ் ஆரம்பிக்கிறதுக்கு ஒரு நாள் முன்னாடியாவது, முடிஞ்சா ரெண்டு நாள் முன்னாடியே ஈக்வடாருக்கு வந்துடுங்க. உங்க பெட்டியோ நீங்களோ வரலன்னா கப்பல் நிக்காது, அதுக்கு குடுத்த நேரத்துல அந்தத் தீவுல இருந்தாகணும். கீட்டோ 2,850 மீட்டர் உயரம், மாடி ஏறுனாலே மூச்சு வாங்கும் தலை வலிக்கும், அது ஒத்துக்காதவங்க கடல் மட்டத்துல இருக்குற குவாயாகில்ல தங்கலாம்.

நாட்டோட காசு அமெரிக்க டாலர்தான், 2000லேர்ந்து அப்படித்தான். கீட்டோ, குவாயாகில் ஏர்போர்ட்ல தீவு ஃப்ளைட்டுக்கு செக்கின் பண்றதுக்கு முன்னாடி டிரான்ஸிட் கார்டுன்னு ஒண்ணு வாங்கணும், 20 டாலர், பத்திரமா வைங்க, திரும்பும்போதும் கேப்பாங்க. தீவுல இறங்குனதும் பூங்கா கட்டணம், வெளிநாட்டுப் பெரியவங்களுக்கு 200 டாலர், 12 வயசுக்குக் கீழ 100. 2024 ஆகஸ்ட்லதான் இத ரெட்டிப்பாக்குனாங்க, பழைய கட்டுரைங்கள்ல 100னு போட்டிருக்கும், அத நம்பி எண்ணி எடுத்துட்டுப் போகாதீங்க. நோட்டா கையில வச்சிருங்க, 100 டாலர் நோட்ட கடைங்கள்ல வாங்க யோசிப்பாங்க, அதனால 5, 10, 20னு சில்லறையா. இன்சூரன்ஸ்ல மருத்துவ வெளியேற்றம் இருக்கான்னு பாருங்க, பெரிய பிரச்சனைன்னா மெயின்லேண்டுக்கு ப்ளேன்லதான் கொண்டு போகணும்.

பெட்டி கட்டும்போது

உயிர்ப் பாதுகாப்பு சோதனைய இங்க சும்மா பேருக்கு பண்றதில்ல. மெயின்லேண்ட் ஏர்போர்ட்லயே உங்க பெட்டிய ஸ்கேன் பண்ணி சீல் போடுவாங்க. பச்சைப் பழம், விதை, செடி, மண்ணு ஒட்டுன எதுவும் கூடாது. வெளியேர்ந்து வந்த ஒரு களைச்செடி, ஒரு பூச்சி போதும், அங்கயே இருக்குற செடிய அழிச்சிடும், ஆடுங்கள விட்டதால சில தீவுல ஆமைக்கு தீனியே இல்லாம போன கதை நடந்த எடம் இது. கெளம்புறதுக்கு முன்னாடி ஷூவோட அடிப்பக்கத்த பழைய பிரஷ் வச்சு நல்லா தேச்சு கழுவி காய வைங்க, பள்ளத்துல சிக்குன சின்ன விதைதான் இவங்க தேடுறது. வெல்க்ரோ வச்ச பை, சாக்ஸ் இதையும் ஒரு தடவ பாருங்க.

ரூம் சின்னது, கட்டிலுக்கு அடியில திணிக்கிற மாதிரி மெத்து பைதான் சரி, பெரிய கெட்டி சூட்கேஸ வச்சா நீங்க நிக்க எடம் இருக்காது. ட்ரெஸ் கோடு எல்லாம் கெடையாது. சீக்கிரம் காயுற முழுக்கை சட்டை ரெண்டு மூணு, லேசான பேன்ட், ஒரு விண்ட்சீட்டர், தாடைக்குக் கீழ கயிறு கட்டுற தொப்பி (கயிறு இல்லாத தொப்பி முதல் நாளே கடலுக்குப் போயிடும்). வெயில் உச்சந்தலைக்கு நேரா அடிக்கும், மேகம் இருந்தாலும் சுடும், நீந்தும்போது முதுகு எரியாம இருக்க முழுக்கை நீச்சல் சட்டை போட்டுக்கோங்க, சன்ஸ்க்ரீன விட அது மேல், தண்ணியும் கெடாது. சன்ஸ்க்ரீன் வாங்குனா பவளத்துக்கு கெடுதல் இல்லாத ரகமா.

செருப்பு ரெண்டு ஜோடி. லாவா பாறை கண்ணாடிச் சில்லு மாதிரி கிழிக்கும், அதுக்கு விரல மூடுன நல்ல பிடிப்புள்ள ஷூ. தண்ணில இறங்குறதுக்கு பின்னாடி பட்டை வச்ச சாண்டல். ஹவாய் செருப்பு உதவாது, முதல் அலையிலயே கழண்டு போகும். சின்ன படகுங்கள்ல ஏறுனதும் ஷூவ பின்பக்க பெட்டில போட்டுட்டு உள்ள வெறுங்கால்லதான் சுத்துவாங்க, அதனால மூணாவது ஜோடிக்கு எடத்த வீணாக்காதீங்க.

கேமராவுக்கு பெரிய பீரங்கி லென்ஸ் தேவையே இல்ல, மிருகங்க கிட்டக்கவே இருக்கும், 70-300 மி.மீ. லென்ஸ் போதும், பல நேரம் போனே போதும். ஃப்ளாஷ் தடை, ட்ரோன் தடை. கேமராவுக்கு தண்ணி புகாத பை கட்டாயம். எட்டு மடங்கு பைனாகுலர் ஒண்ணு இருந்தா டெக்லேர்ந்து திமிங்கிலம், பறவை பாக்கலாம். கரண்டு 110-120 வோல்ட், தட்டைக் கம்பி ரெண்டு உள்ள பிளக், அடாப்டர் வேணும். மருந்தெல்லாம் கைப்பையில, செக்கின் பெட்டில இல்ல. இன்டர்நெட் இருந்தா அதிர்ஷ்டம்னு நெனச்சுக்கோங்க, வீட்ல முன்னாடியே சொல்லிடுங்க.

வெஜிடேரியன், அலர்ஜி எதுவா இருந்தாலும் புக் பண்ணும்போதே எழுத்துல குடுத்துடுங்க. கப்பல் கெளம்புனதுக்கு அப்புறம் சமையக்காரர் எங்க போய் வாங்குவாரு?

குமட்டல்

பெரிய தீவுங்களுக்கு நடுவுல கப்பல் ராத்திரிலதான் ஓடும், நீங்க தூங்கும்போதே ஆட்டமும் நடக்கும். ரூம் எடுக்கும்போது கப்பலோட நடுவுல, கீழ் தளத்துல எடுங்க, ஜன்னல் சின்னதா இருந்தாலும் பரவால்ல, மேல் தளத்து பால்கனிக்கு கூடுதல் காசு குடுத்து கூடுதல் ஆட்டம் வாங்குறது என்ன கணக்கோ. டாக்டர்கிட்ட கேட்டு மெக்லிசினோ டைமன்ஹைட்ரினேட்டோ வாங்கி வச்சுக்கோங்க, குமட்டல் வந்ததுக்கு அப்புறம் போட்டா வேலை செய்யாது, கப்பல் கெளம்புறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போடணும். தூக்கம் வரும், அதனால வீட்லயே ஒரு நாள் போட்டுப் பாத்துடுங்க. காதுக்குப் பின்னாடி ஒட்டுற ஸ்கோபோலமின் பேட்ச் இருக்கு, க்ளாக்கோமா (கண் அழுத்த நோய்) உள்ளவங்களுக்கு ஆகாது, இதுக்கும் டாக்டர்தான். ஆட்டம் ஆரம்பிச்சா போன பாக்காதீங்க, வெளிய வந்து அடிவானத்த பாருங்க, வெறும் வயித்தோட இருக்காதீங்க.

கப்பல்ல ஒரு நாள் எப்படி போகும்

காலைல 6 மணி சுமாருக்கு எழுப்பி விட்டுடுவாங்க, எட்டு மணிக்கெல்லாம் முதல் எறக்கம். நடை, ஸ்நார்க்கல், சாப்பாடு, கொஞ்சம் தூக்கம், திரும்ப ஸ்நார்க்கல், திரும்ப நடை, சாயங்காலம் 6 மணிக்குள்ள எல்லாரும் கப்பல்ல இருக்கணும், பூங்கா விதி. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி கைடு அடுத்த நாள் திட்டத்த சொல்வாரு, அதுல எறக்கம் ஈரமா (தண்ணில கால வச்சு) உலர்வா (நேரா பாறை மேலயோ படித்துறை மேலயோ)ன்னு சொல்றத மட்டும் காதுல வாங்கிக்கோங்க, எந்த செருப்புங்கிறது அதுலதான் இருக்கு. ஓய்வெடுக்க போறோம்னு நெனச்சு வந்தா களைச்சுப் போவீங்க. பார்டோலோமே உச்சிக்கு 370 சொச்சம் மரப்படி இருக்கு, கெளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடிலேர்ந்து தினமும் மாடிப்படி ஏறி எறங்குனா முட்டி திட்டாது.

கப்பல்லேர்ந்து கரைக்கு பாங்கான்னு சொல்ற ரப்பர் படகுலதான் போவீங்க. ஏறும்போது ரெண்டு கையும் காலியா இருக்கணும், கேமரா பையில, பை முதுகுல. படகுல நிக்கிறவர் கைய நீட்டுவாரு, விரலப் பிடிக்காதீங்க, அவர் உங்க முழங்கைக்குக் கீழ பிடிப்பாரு நீங்களும் அவர அதே மாதிரி பிடிக்கணும், அப்பதான் ஒருத்தர் பிடி வழுக்குனாலும் இன்னொருத்தர் பிடி நிக்கும். படகு அலையோட மேல வரும்போது கால் வைங்க, கீழ போகும்போது இல்ல, அவர் "இப்போ"ன்னு சொல்லுவாரு, அதுவரைக்கும் காத்திருங்க. வச்சதும் உடனே ரப்பர் விளிம்புல உக்காந்து நகருங்க. ஈர எறக்கம்னா படகோட பின்பக்கத்த மணலுக்குத் திருப்புவாங்க, நீங்க விளிம்புல உக்காந்தபடியே கால வெளிய சுத்திப் போட்டு முழங்கால் தண்ணில இறங்கணும். குதிக்காதீங்க, அடியில திருக்கை இருக்கலாம், கால மணல்ல தேச்சு தேச்சு நடந்தா அது தானா வெலகும்.

கரையில எல்லா மிருகத்துகிட்டயும் ரெண்டு மீட்டர் தள்ளி நிக்கணும். அது கிட்ட வந்தா? வரும், குறிப்பா கடல் சிங்கக் குட்டி உங்க ஷூவ மோந்து பாக்க வரும், நீங்க மெல்ல பின்னாடி போகணும், தொட்டா அம்மா வாசனையால அடையாளம் கண்டுபிடிக்க முடியாம போயிடலாம். பெரிய ஆண் கடல் சிங்கத்துக்கு மட்டும் இன்னும் நல்லா வழி விடுங்க, கடற்கரை தனக்குத்தான் பட்டா போட்டிருக்குன்னு நெனப்பு அதுக்கு. பாதை குறுக்க ஒண்ணு தூங்குனா மொத்த குரூப்பும் நிக்கும் இல்லன்னா கைடு சுத்தி கூட்டிட்டுப் போவாரு, நீங்களா தாண்டாதீங்க. வெள்ளை கறுப்பு கம்பம் நட்ட பாதைய விட்டு எறங்கக்கூடாது, தண்ணி தவிர எதையும் கரையில சாப்பிடக்கூடாது.

ஸ்நார்க்கல் பண்ணத் தெரியலன்னா கெளம்புறதுக்கு முன்னாடி நீச்சல் குளத்துல நாலஞ்சு தடவ பழகுங்க, முகமூடிக்குள்ள மூச்சு விடுறதும் உள்ள வந்த தண்ணிய ஊதி வெளியேத்துறதும் வந்துட்டா போதும். மாஸ்க் மட்டும் சொந்தமா வாங்கிட்டுப் போங்க, முகத்துக்குப் பொருந்தாத வாடகை மாஸ்க் முழு ட்ரிப்பையும் கெடுத்துடும். வெட்சூட்டும் (குளிர் தாங்குற நீச்சல் உடை) காலுக்குப் போடுற துடுப்பும் கப்பல்ல வாடகைக்கு கெடைக்கும், உங்க சைஸ முன்னாடியே எழுதி அனுப்பிடுங்க. வெள்ளைநுனி சுறா பாறைக்கு அடியில படுத்திருக்கும், அத நீங்க தொந்தரவு பண்ணாத வரைக்கும் அது உங்கள கண்டுக்காது.

ரூட்ல ஃப்ளோரியானா இருந்தா நாலு போஸ்ட்கார்டு எடுத்துட்டுப் போங்க. அங்க திமிங்கில வேட்டைக்காரங்க காலத்துலேர்ந்து ஒரு பீப்பாய் இருக்கு, ஸ்டாம்ப் ஒட்டாம கார்ட போட்டுட்டு, ஏற்கனவே கெடக்குற கார்டுல உங்க ஊர் பக்கம் விலாசம் இருந்தா நீங்க எடுத்துட்டு வந்து நேர்ல குடுக்கணும்.

கடைசி நாள்ல சங்கு, பவளம், கைப்பிடி மணல், லாவா கல்லு எதையும் பையில போடாதீங்க, திரும்பும்போதும் பெட்டிய பாப்பாங்க. டிப்ஸ் பெரும்பாலும் கைடுக்கு ஒரு கவர், கப்பல் ஆளுங்க எல்லாருக்கும் சேத்து ஒரு கவர், ரெண்டும் ரொக்கமா, கப்பல்ல ஏடிஎம் கெடையாது, அதனால அந்தப் பணத்த முதல் நாளே தனியா எடுத்து பாஸ்போர்ட்டோட வச்சிடுங்க. தீவு நேரம் ஈக்வடார் மெயின்லேண்ட விட ஒரு மணி நேரம் பின்னாடி, திரும்புற ஃப்ளைட்டு கனெக்‌ஷன பாக்கும்போது அந்த ஒரு மணிய கணக்குல வைங்க.